மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்ததும் தமிழ்நாட்டு ஊர்களில் ஆண்டுதோறும் ஒரு விந்தை நடக்கிறது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் டாஸ்மாக் வாசலில் நிற்கும் ஆள், குருசாமி கையால் துளசி மாலை போட்டுக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மனைவி அழுதும், டாக்டர் எச்சரித்தும், முதலாளி வேலையைவிட்டு நிறுத்தியும் விடாத குடி ஒரு மணிமாலைக்கு அடங்கிவிடுகிறது. சபரிமலை போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் பார்த்தால், அவர்களில் பலர் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள். “சாமிக்குப் பயந்து இருந்தான். பயம் விட்டுப்போச்சு, குடிச்சுட்டான்” என்று ஊர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடும்.

அந்தத் தீர்ப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. 41 நாள் விரதம் முடிந்த 42ஆம் நாளிலும் அவருக்கு ஐயப்பன்மேல் பக்தி குறைந்துவிடவில்லை. வீட்டில் சாமி படத்துக்கு விளக்கு எரிகிறது. அடுத்த ஆண்டுக்கும் மாலை போடுவதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். பக்தி மாறவில்லை என்றால் மாறியது எது? நம்பிக்கையின் துணையோடு குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்வது பற்றி கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் பலவும் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விக்குத்தான் வருகின்றன.

ஆறு மணியின் இழுப்பு

நீண்டகாலக் குடி மூளையின் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்று ஆசையை மூட்டும் பகுதி. உணவு, உறவு, பாராட்டு என்று வாழ்வுக்கு வேண்டியவற்றைத் தேடிப்போகத் தூண்டும் டோபமைன், மது உள்ளே போகும்போதெல்லாம் சுரக்கிறது. சில ஆண்டுகள் போனபின் மதுகூடத் தேவையில்லை. மதுவுக்கு முன்னால் வருபவை போதும். ஆறு மணி, வேலை முடிந்த அசதி, கையில் விழுந்த கூலி, கடைப் பலகை, “ஒரு கட்டிங் போடலாமா” என்று தோளில் கைபோடும் கூட்டாளி. இவற்றில் ஒன்றைக் கண்டாலே மூளை தயாராகிவிடுகிறது; கால் தானாக நடக்கிறது.

மற்றது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. “வேண்டாம், நாளைக்குப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்” என்று தடுக்க வேண்டிய இடம் அது. வருடக்கணக்கான குடியில் இதன் பிடி தளர்ந்துபோகிறது. அதனால்தான் குடிநோயாளியிடம் “மனசு வச்சா விட்டுடலாமே” என்று சொல்வது பலன் தருவதில்லை. மனசு வைக்க வேண்டிய உறுப்பே நோயில் விழுந்திருக்கிறது.

இனி மாலை போட்டவரின் ஒரு நாளைப் பாருங்கள். விடிவதற்கு முன் குளித்துச் சரணம் சொல்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி குளியல், அதன்பின் பஜனை. தரையில் பாய் விரித்துப் படுக்கை. கட்டிங்குக்குக் கூப்பிட்ட அதே கூட்டாளி, இப்போது தானாக ஒதுங்கி வழிவிடுகிறான். பெற்ற மகன்கூட “சாமி, சாப்பிட வாங்க” என்கிறான். கருப்பு வேட்டியோடு மதுக்கடை வரிசையில் நின்றால், முன்பின் தெரியாதவர்களும் தட்டிக்கேட்பார்கள். அவருடைய முன்மூளையால் செய்யமுடியாத வேலையை ஊரே எடுத்துச் செய்கிறது. 41 நாள் முடிந்ததும் அந்தக் காவல், அந்தக் குளியல் நேரம், அந்தக் கூட்டம், அந்தப் பெயர் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. ஆறு மணி மட்டும் தவறாமல் வருகிறது.

சத்தியம் எதைச் செய்யும்?

இந்த உபாயம் சபரிமலை விரதத்துக்கு மட்டும் உரியதல்ல. கோயிலில் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கொள்வது, தர்காவில் தாயத்து வாங்குவது, உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்வது எல்லாம் அடிப்படையில் ஒன்றுதான். நிதானமாக இருக்கும் காலை நேரத்து மனிதன், தடுமாறப்போகும் மாலை நேரத்து மனிதனின் கையை முன்கூட்டியே கட்டிவைக்கிறான்.

இதைப் பொருளாதார அறிஞர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் மின்டனாவ் தீவில் ஒரு வங்கி வழியாக நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. புகைப்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை ஆறு மாதம் கணக்கில் போட்டுவர வேண்டும். முடிவில் சிறுநீரில் நிக்கோட்டின் தெரிந்தால் பணம் போய்விடும். இந்த வாய்ப்பு தரப்பட்டவர்களில், தரப்படாதவர்களைவிடக் கூடுதலாக நூற்றுக்கு 3 பேர் புகையை விட்டார்கள். ஓராண்டு கழித்துத் திடீரென்று சோதித்தபோதும் அந்த வித்தியாசம் நிலைத்திருந்தது. பணத்தைப் பணயம் வைத்தே இவ்வளவு என்றால், தெய்வத்தின் முன்னால் தன் சொல்லையே பணயம் வைப்பவருக்குப் பிடி இன்னும் இறுகலாம்.

ஆனால் தொடக்கத்துக்கு உதவுவது தொடர்ச்சிக்கும் உதவும் என்று சொல்ல முடியாது. 1838இல் அயர்லாந்தின் கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்ற பாதிரியார் மதுவிலக்கு உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கினார். மக்கள் கூட்டம் கூட்டமாக மண்டியிட்டு வாக்குக் கொடுத்துப் பதக்கம் வாங்கிப் போனார்கள். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். அந்நாட்டில் வரி கட்டிய விஸ்கியின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பிறகு பெரும்பஞ்சம் வந்தது, இயக்கம் கலைந்தது. 1856இல் மேத்யூ இறந்தபோது அதன் வேகம் பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. வாக்குக் கொடுத்தவர்களை அடுத்த வாரமும் அடுத்த மாதமும் ஒன்றுசேர்க்க ஏற்பாடு போதவில்லை.

ஏக்ரன் நகரில் ஒரு தொலைபேசி

அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு குடிநோயாளிகள். 1935 மே மாதம் நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன், ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகருக்கு ஒரு வியாபாரத்துக்காகப் போய்த் தோற்று, மேஃபிளவர் ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பாரில் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசியும் உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசியை எடுத்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் இன்றிரவு தப்பிக்கலாம் என்று ஒரு பாதிரியாரிடம் கேட்டார்.

அந்த அழைப்பு பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. கால் மணி நேரம்தான் என்று நிபந்தனை போட்டு வந்தவர் ஆறு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்து பேசினார். பில் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தான் குடித்த கதையைச் சொன்னார், அவ்வளவுதான். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இருவரும் ஆக்ஸ்ஃபர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் வழியில் வந்தவர்கள். பாவத்தை ஒப்புக்கொள்வது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்வது, கடவுளிடம் ஒப்படைப்பது என்ற அதன் பழக்கங்களே பின்னாளில் பன்னிரண்டு படிகளாயின. 1939இல் அவர்கள் புத்தகம் போட்டபோது, குழுவிலிருந்த நாத்திகர்கள் சண்டைக்கு வந்தார்கள். “கடவுள்” என்ற இடத்தில் “நாங்கள் உணர்ந்தபடியான கடவுள்” என்று சேர்த்த பிறகே சமாதானம் ஆனது. அந்தச் சமரசத்தால்தான் இந்த முறை பின்னர் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 1953இல் கலிபோர்னியாவில் போதைமருந்து அடிமைகளுக்காக நார்கோட்டிக்ஸ் அனானிமஸ் தொடங்கியது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய மருத்துவமனை, டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றே பேர்பெற்றது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்து, அமெரிக்காவின் ஹேசல்டன் போதைமீட்பு நிலையத்தில் பயிற்சி பெற்று வந்த அவர், மருந்தையும் குடும்ப ஆலோசனையையும் குடிநோயாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசும் இந்தக் கூட்டங்களையும் ஒரே கூரைக்குக் கீழே சேர்த்தார்.

எண்கள் சொல்வது

இந்தக் கூட்டங்கள் பலன் தருகின்றனவா என்பதில் அறிவியல் உலகம் வெகுகாலம் ஒருமனதாக இல்லை. விருப்பத்தோடு வருகிறவன் எந்த வழியில் போனாலும் தேறிவிடுவான், பெருமை கூட்டத்துக்குப் போகிறது என்பது முக்கியமான ஆட்சேபம். 2006இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது “உறுதியாகச் சொல்ல முடியாது” என்றே முடித்தது. 2020இல் அதே அமைப்புக்காக ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி மூவரும் 27 ஆய்வுகளையும் 10,565 பேரின் விவரங்களையும் மறுபடி அலசினார்கள். இப்போது விடை தெளிவாக வந்தது. சிகிச்சையாளரே நோயாளியைப் பன்னிரண்டு படிகளிலும் கூட்டங்களிலும் முறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால், ஓராண்டு கழித்து முழுமையாக மதுவைத் தொடாமல் இருந்தவர்கள் 42 விழுக்காடு. மனநல மருத்துவத்தில் பேர்பெற்ற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவற்றில் 35 விழுக்காடு. குறைவாகக் குடிப்பது போன்ற பிற அளவுகளில் பெரிய வேறுபாடு இல்லை.

வேலை செய்வது எது என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. 1997இல் முடிவுகள் வெளியான ‘புராஜெக்ட் மேட்ச்’ என்ற அமெரிக்க ஆய்வில் 1,726 பேர் பங்கேற்றார்கள். அந்தத் தரவைக் கெல்லியின் குழு பிரித்துப் பார்த்தபோது, கூட்டத்துக்குப் போவதன் பலனில் பெரும்பங்கு நண்பர் வட்டம் மாறுவதில் இருந்தது. குடிக்கும் நண்பர்கள் குறைந்தார்கள், குடிக்காத நண்பர்கள் கூடினார்கள். கல்யாண வீட்டிலும் நண்பர் கூட்டத்திலும் மறுக்கும் தைரியம் வந்தது. ஆன்மிகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அது உள்நோயாளியாக இருந்து வந்த, நோய் முற்றியவர்களிடமே கூடுதலாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் இழந்து நிற்பவருக்கு நண்பர் வட்டம் மட்டும் போதுவதில்லை. வாழ்வதற்கு ஒரு காரணமும் வேண்டியிருக்கிறது.

அதே தரவில் மரியா பகானோ கண்டது இன்னும் சுவையானது. சிகிச்சைக் காலத்தில் மற்ற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 விழுக்காட்டினர் அடுத்த ஓராண்டு மதுவைத் தொடவில்லை. உதவாதவர்களில் அது 22 விழுக்காடுதான். ஏக்ரனில் பில் வில்சன் தொலைபேசியை எடுத்தது பாப்பைக் காப்பாற்ற மட்டும் அல்ல.

அப்படியானால் பிரார்த்தனைக்கு இடமே இல்லையா? நியூயார்க்கில் மார்க் கலன்டரின் குழு, நெடுநாள் குடியை விட்டிருந்த 20 உறுப்பினர்களுக்கு மதுப் படங்களைக் காட்டிவிட்டு, ஒருமுறை பத்திரிகைச் செய்தியையும் ஒருமுறை அமைப்பின் பிரார்த்தனையையும் படிக்கச் சொன்னது. பிரார்த்தனைக்குப் பின் ஏக்கம் தணிந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஸ்கேனில் முன்மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. வருடக்கணக்கில் பிரார்த்தித்துப் பழகியவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. நாத்திகர்களைப் பற்றிய ஆய்வும் இருக்கிறது: அவர்கள் கூட்டங்களுக்குக் குறைவாகவே வருகிறார்கள், ஆனால் வந்து நிலைத்தவர்களுக்குக் கிடைக்கும் பலன் ஆத்திகர்களுக்குக் கிடைப்பதைப் போலவே இருக்கிறது. நம்பிக்கை பலரை வாசல்வரை கூட்டிவருகிறது. உள்ளே உட்காரவைப்பது பக்கத்து நாற்காலியில் இருப்பவர்.

சறுக்கியவன் எழுவதற்கு வழி

சத்தியத்தில் ஓர் ஆபத்து உண்டு. ஆறு மாதம் காத்த சொல்லை ஒரு சாவு வீட்டில் ஒரே ஒரு டம்ளருக்காக மீறிவிட்டார் என்று வையுங்கள். “சாமி சத்தியத்தையே மீறியாச்சு, இனி என்ன இருக்கு” என்று அன்றிரவே முழு பாட்டிலையும் முடித்துவிடுவார். உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே இதை விரிவாக எழுதினார்: மனிதனை வீழ்த்துவது முதல் டம்ளர் அல்ல, அதன்பின் வரும் குற்றவுணர்வு. சொல் எவ்வளவு புனிதமோ அவ்வளவு ஆழம் அந்தப் பள்ளம்.

சறுக்கியவரை எப்படி நடத்துவது என்பதில் இரண்டு எதிரெதிர் வழிகள் உண்டு. தாய்லாந்தின் சரபுரி மாகாணத்தில் உள்ள தம்கிரபோக் பௌத்த மடம் 1959இலிருந்து போதை அடிமைகளுக்குச் சிகிச்சை தருகிறது. வருகிறவர் முதலில் சத்தியம் செய்ய வேண்டும். பிறகு பச்சிலைக் கஷாயத்தைக் குடித்து, எல்லாரும் பார்க்க வரிசையில் உட்கார்ந்து வாந்தி எடுக்க வேண்டும். முதல் ஐந்து நாள் இப்படி. அதன் தலைமைத் துறவிக்கு 1975இல் மகசேசே விருது கிடைத்தது. ஆனால் அங்கே வாழ்நாளில் ஒருமுறைதான் சிகிச்சை; சத்தியத்தை மீறியவருக்கு மறுவாய்ப்பு இல்லை. பன்னிரண்டு படிக்காரர்கள் இதற்கு நேர் எதிர். “இன்று ஒரு நாள் மட்டும்” என்பதே அவர்கள் சொல்லும் சொல். தவறியவர் அடுத்த கூட்டத்துக்கு வந்து, முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கலாம். முகம் சுளிப்பவர் இல்லை. அந்த அறையில் பலரும் ஒருமுறையாவது தவறியவர்கள்தான்.

உடலுக்குத் தெரியாத சத்தியம்

டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த கதையில் பலர் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. அன்று காலை அவர் ஓர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது, கை நடுங்கியது. நடுக்கம் நிற்பதற்காகப் பில் வில்சனே ஒரு பாட்டில் பீரை நீட்டினார். அதுதான் அந்தக் கடைசிக் குடி. குடியை மனமாற்றத்தால் வென்றதாகச் சொல்லப்படும் நாளில்கூட உடல் தன் கணக்கைக் கேட்டது.

மது மூளையின் நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. தினம் தினம் அப்படி அமுக்கப்படும் மூளை, தன்னை உசுப்பும் பக்கத்தைக் கூட்டிச் சரிக்கட்டிக்கொள்கிறது. குடி சட்டென்று நின்றால், முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்த கதவு திடீரென்று திறந்துகொண்டவன் கதைதான். உசுப்பப்பட்ட மூளை நிலைகுலைந்து விழுகிறது. சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் சிலருக்குப் பிதற்றல் ஏற்படுகிறது: சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள், ஆள் அடையாளம் தெரிவதில்லை. “சாமிக் குத்தம்” என்றோ “காத்து கருப்பு” என்றோ நினைத்துப் பூசாரியைத் தேடும் வீடுகள் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரைப் பறிக்கும். ஆஸ்பத்திரியில் சில நாள் மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால், பெரும்பாலும் தடுத்துவிடக்கூடிய மரணம் அது.

ஹெராயின் போன்ற அபின் வகைகளில் ஆபத்து வேறு மாதிரி. சில வாரம் விட்டிருந்தால் உடலின் தாங்கும் திறன் இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். புப்ரநார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களிடம் இத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைகின்றன. “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என்று இந்த மருந்துகளை ஒதுக்கும் நம்பிக்கை இல்லங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அந்தக் கொள்கைக்கு விலையாகப் போவது உள்ளே சேர்ந்தவரின் உயிர்.

கட்டாயப்படுத்தி அடைத்து வைப்பதன் முடிவைத் தமிழ்நாடு கண்ணால் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

ஆகவே கோயிலோ தர்காவோ ஜெபவீடோ, ஒருவரைக் கூட்டிப்போகும் குடும்பம் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். முதல் வாரம் நடுக்கமோ வலிப்போ வந்தால் பார்க்க டாக்டர் இருக்கிறாரா? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? அவர் விருப்பத்தோடு வந்திருக்கிறாரா, நினைத்தால் வெளியே போக முடியுமா? தவறிவிட்டால் திட்டுவார்களா, திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு வந்தபின் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் எங்கே, யாரோடு இருப்பார்? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத இடத்தில் மற்றவை சரியாக இருந்தும் பலன் நீடிக்காது. அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. இதே கேள்விகளை அங்கேயும் கேட்கலாம்.

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளிவந்த நாடளாவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மற்ற 37 பேருக்கும் எட்டும் தூரத்தில் மனநல மருத்துவர் இல்லாமல் இருக்கலாம். ஒரு வழிபாட்டுத் தலம் நிச்சயம் இருக்கும். மனிதர்களை ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் கூட்டும் கலை அந்தத் தலங்களுக்கு நூற்றாண்டுகளாகக் கைவந்தது. கயிறு கட்டுமுன் “அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிட்டு வா” என்று பூசாரி சொல்லட்டும். கட்டிக்கொண்டவர்கள் வாராவாரம் உட்கார்ந்து பேச மண்டபத்தில் ஓர் ஓரம் கிடைக்கட்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. 41 நாளுக்கு ஊர் செய்யத் தெரிந்த காவலை 42ஆம் நாளும் செய்யச் சொல்வதுதான் அது.